ரூபாயின் லிட்டர் எடை



மட்டாஞ்சேரியில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு லிட்டர் பாத்திரம். என் தந்தை இந்த ஊரில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விடுமுறையில் அவரோடு போய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பேன். மலையிலிருந்து வந்த மிளகை அந்தப் பாத்திரத்தில் கொட்டி, மேல்மட்டத்தைக் குச்சியால் வழித்துவிட்டு, தராசில் வைப்பார்கள். 550 கிராம் நின்றால் முற்றிய மணி. 400 சொச்சம் என்றால் பொக்கு. பார்வைக்கு இரண்டும் கறுப்புத்தான், பாத்திரத்திலும் இரண்டும் விளிம்பு வரை நிற்கும். எடை போட்டால்தான் எது எதுவென்று தெரியும். விற்பவர், வாங்குபவர், தரகர் என்று மூவரும் சுற்றி நிற்கும்போதுதான் தராசைத் தூக்குவார்கள். என்னைச் சந்தேகிக்கிறாயா என்று அங்கே யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

என் தந்தை 1979இல் ஓய்வு பெற்றார். முதலாளி நல்ல மனிதர். ஆயுள் உள்ளவரை மாதம் 300 ரூபாய் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், எழுதியும் கொடுத்தார். முதல் சில வருடங்கள் அந்தப் பணத்தில் வாடகை, அரிசி, பால், என் தங்கையின் பள்ளிச் செலவு எல்லாம் அடங்கின. 2003இல் அப்பா இறக்கும்வரை ஒரு மாதம்கூடத் தவறாமல் அந்த 300 ரூபாய் வந்தது. கடைசி வருடங்களில் அது மாத்திரைக்கும் பாலுக்குமே சரியாகப் போயிற்று. முதலாளி வாக்குத் தவறவில்லை. ரூபாய்தான் தவறியது. யார் மேல் வழக்குப் போடுவது என்று அப்பா ஒருமுறை கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்து வந்தது.

பணத்தை எடை போட்டுப் பார்ப்பது இந்தக் கடற்கரைக்குப் பழைய வழக்கம். இங்கிருந்து வடக்கே, பெரியாறு கடலில் சேரும் பகுதியில் முசிறி இருந்தது. யவனர் கப்பல்கள் அங்கே பொன்னை இறக்கி மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் காணலாம். நம் எர்ணாகுளம் மாவட்டத்து வள்ளுவள்ளியில் 1983இல் ரோமானியப் பொற்காசுப் புதையலே கிடைத்தது. கி.பி. 64இல் பேரரசன் நீரோ ஒரு காரியம் செய்தான். ஒரு ராத்தல் பொன்னில் 40 காசு அடித்துக்கொண்டிருந்ததை 45 ஆக்கினான். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 அடித்ததை 96 ஆக்கி, வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். காசின் பெயரையும் மதிப்பையும் மட்டும் மாற்றவில்லை.

இதற்குத் தமிழகம் கொடுத்த பதிலை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துப் படிக்கலாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ மாற்றுக் குறைத்த பிறகு அடித்த வெள்ளி அபூர்வம். நம் வணிகர்கள் பழைய காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது நாணயவியல் அறிஞர்கள் பலருடைய முடிவு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 500 பொற்காசுகளில் மிகப் பலவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தது. தேய்ந்து எடை குறைந்த காசு, இனி கைமாறக் கூடாது என்று போட்ட வெட்டாக அதைக் கொள்வார் உண்டு. எனக்கு அந்த வெட்டின் மேல் பெரிய மரியாதை. ரோமாபுரியில் இருந்த ரொட்டிக்காரனால் நீரோவின் காசை மறுத்திருக்க முடியாது, அரசன் விட்டிருக்க மாட்டான். முசிறி வணிகன் மறுத்தான். நீரோவின் ஆணை அவன் தராசு வரை எட்டவில்லை.

இன்று நாம் முசிறி வணிகனின் இடத்தில் இல்லை, ரோமாபுரி ரொட்டிக்காரனின் இடத்தில் இருக்கிறோம். ரிசர்வ் வங்கிச் சட்டம் 26ஆம் பிரிவின்படி அந்த வங்கியின் நோட்டு நாடெங்கும் செல்லும், வாங்கித்தான் ஆக வேண்டும். நோட்டை வெளியிடுவது அந்த வங்கி. அந்த வங்கியின் ஒரே உடைமையாளர் மத்திய அரசு. நாட்டிலேயே மிகப் பெரிய கடன்காரரும் அதே அரசு. கடனை எந்த அளவையால் திருப்பித் தர வேண்டுமோ, அந்த அளவையே கடன்காரரின் வீட்டில் தயாராகிறது. இந்த ஊர் பஜார் ரோட்டில் எந்தப் பண்டகசாலையிலாவது இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்வீர்களா?

இங்கே பவன் என்கிறீர்கள், தமிழ்நாட்டில் சவரன் என்கிறோம். அது பிரிட்டிஷ் சாவரின் நாணயம். எடை 8 கிராமுக்கு மயிரிழை குறைவு. 1899இல் போட்ட சட்டம் ஒரு சவரன் 15 ரூபாய் என்றது. அதே எடைக்கு இன்று எத்தனை ஆயிரம் என்பதைத் திரும்பிப் போகும் வழியில் நகைக்கடைப் பலகையில் பாருங்கள். தங்கத்துக்கும் தேவை கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகையில் ஏறியதில் பெரும்பங்கு பவன் ஏறியதல்ல, ரூபாய் இறங்கியது.

இப்படி இறங்க வழி எப்போது திறந்தது? 1893 ஜூன் 26 வரை எவரும் வெள்ளிக் கட்டியைத் தங்கசாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். அன்று அந்தக் கதவை அடைத்தார்கள். அதன் பிறகு எத்தனை ரூபாய் வெளியே வரலாம் என்பது அரசின் விருப்பமாயிற்று. இதை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். ரூபாயின் சிக்கல் பற்றி அவர் எழுதிய நூல் 1923இல் லண்டனில் வந்தது. ரூபாயை வெளிநாட்டுக் கணக்கில் மட்டும் பொன்னோடு கட்டி, உள்ளூரில் நிர்வாகியின் கையில் விட்டுவிடும் முறையைப் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்ஸ் பாராட்டியிருந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. வெளியிடுபவரின் கை கட்டப்படாவிட்டால் அவர் கூடுதலாகத்தான் வெளியிடுவார், அதன் சுமை கூலிக்காரன் மேல் விழும் என்பது அவர் வாதம். ரூபாய் வெளியீட்டுக்கு நிரந்தர வரம்பு கட்டுங்கள், பொன்னைப் புழங்க விடுங்கள் என்று 1925இல் நாணயம் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் முன்பும் சொன்னார். ரிசர்வ் வங்கியே அம்பேத்கரின் யோசனை என்று இப்போது மேடைகளில் சொல்கிறார்கள். அவர் மேல் உள்ள அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அவர் கேட்டது வெளியிடுபவரின் கைக்கு விலங்கு. கிடைத்தது வெளியிடுபவருக்கு ஒரு மாளிகை.

1935 ஏப்ரல் 1இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. சட்டத்தில் ஒழுங்கு இருந்தது. வெளியிடும் நோட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் பொன்னோ ஸ்டெர்லிங் பத்திரமோ ஈடாக இருக்க வேண்டும். அந்த ‘ஸ்டெர்லிங் பத்திரமோ’ என்பதுதான் சந்து. இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டன் இந்தியாவில் துணி, தோல், தானியம் எல்லாம் வாங்கியது, ஆட்களைத் திரட்டியது. பொன் தரவில்லை. பிறகு தருகிறேன் என்று லண்டனில் ஒரு காகிதம் எழுதி வைத்தது. அந்தக் காகிதத்தை ஈடாக வைத்து இங்கே ரூபாய் அச்சானது. 1939இல் 180 கோடி அளவில் இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடியும்போது ஆறு மடங்குக்கு மேல். 1940இல் வெள்ளி ரூபாயின் மாற்று 12இல் 11 பங்கு என்பதிலிருந்து பாதியாயிற்று. நீரோ இதைவிடக் கூச்சப்பட்டுச் செய்தான்.

1942இல் பர்மா வீழ்ந்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது சேர்த்தலைப் பக்கம் கயிறு திரித்த கூலிகள் பட்டினியில் மடிந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரிசி வராதது முதல் காரணம். ஆனால் வந்த கொஞ்ச அரிசியையும் எட்டிப் பிடிக்க முடியாமல் கூலியை இளைக்க வைத்தது அச்சடித்த ரூபாய். வங்கத்தில் 1943இல் நடந்ததும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். விதிப்படியே அச்சிட்டார்கள், ஒரு விதியும் மீறவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்த பிறகு? 1949 ஜனவரி 1இல் வங்கி அரசுடைமையானது. 1956இல் 40 சதவீத விதியை எடுத்துவிட்டார்கள். 1957இல் இன்னும் இறக்கி, மொத்தம் 200 கோடி, அதில் பொன் 115 கோடி இருந்தால் போதும், நோட்டு எவ்வளவு வேண்டுமானாலும் என்று சட்டம் செய்தார்கள். அந்த 115 கோடி இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. புழக்கத்தில் உள்ள நோட்டோ 35 லட்சம் கோடிக்கு மேல். லட்சம் ரூபாய்க்குச் சட்டம் கேட்கும் பொன், 3 ரூபாய்ச் சொச்சத்துக்கு. 1990க்குப் பிறகு பொன்னைச் சந்தை விலையை ஒட்டியே மதிப்பிடுகிறார்கள். 2025இன் விலையில் 115 கோடிக்கு நூறு கிலோவை ஒட்டிய தங்கம்தான் வரும். தோழர்களே, நம் பண்டகசாலையில் இரண்டு மிளகு மூட்டையின் எடை! ரிசர்வ் வங்கியிடம் உண்மையில் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு உண்டு, 2025 மார்ச்சில் 880 டன்னை நெருங்கியது. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அது அவர்களாக வைத்திருப்பது. வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வது இரண்டு மூட்டை.

இதை முன்கூட்டியே சொன்ன ஒருவர் இருந்தார். பொருளியலாளர் பி. ஆர். ஷெனாய். ஷெனாய் என்ற பெயர் இந்த ஊருக்குப் புதிதல்ல, திருமலை தேவஸ்வத்தைச் சுற்றிய கொங்கணி வீடுகளில் பாதிக் கதவில் அந்தப் பெயர் இருக்கும். 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளாதாரக் குழு முழுவதும் ஒரு பக்கம் கையெழுத்திட்டபோது, இவர் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். அச்சடித்துத் திட்டம் நடத்தினால் விலை ஏறும், அந்நியச் செலாவணி கரையும் என்றார். இரண்டே வருடத்தில் செலாவணி கரைந்தது. சட்டத்தை 1957இல் அவசரமாகத் தளர்த்தியதே அதனால்தான். 1966 ஜூனில் டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்குப் போயிற்று. அவரை யாரும் கொண்டாடவில்லை.

அதே 1955இல்தான், அரசின் கணக்கில் பணம் குறைந்தால் தானாகவே கருவூலப் பத்திரம் எழுதி வங்கியிடமிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை, சந்தையில் வட்டி பேச வேண்டியதில்லை. தற்காலிகம் என்ற பெயரில் 42 வருடம் ஓடிற்று. ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. ரங்கராஜன் 1994இல் அரசோடு ஒப்பந்தம் செய்து 1997இல் அதை நிறுத்தினார். நம் அரியலூர்க்காரர். அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு, ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். என் தந்தையின் 300 ரூபாய் இளைத்தது பெரும்பாலும் அந்த 42 வருடத்துக்குள்தான்.

பணம் இளைக்கும்போது மக்கள் என்ன செய்வார்கள்? பவன் வாங்குவார்கள். அதையும் பொறுக்கவில்லை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது, தங்கக் கட்டி வைத்திருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். உமி ஓடும் ஊதுகுழலுமாக வாழ்ந்த பொற்கொல்லர்கள் லட்சக்கணக்கில் வேலையிழந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சயனைடு குடித்தவர்கள் உண்டு. அந்தச் சட்டம் பல வடிவம் மாறி 1990 வரை உயிரோடிருந்தது. மறு வருடமே, 1991இல், நாடு தவித்தபோது அரசு ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்து மீண்டது. குடிமகன் தங்கம் வைத்தால் பதுக்கல், அரசு வைத்தால் பாதுகாப்பு. இந்த நியாயம் எனக்கு இன்றும் புரியவில்லை.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, வங்கிகள் விழும்போது தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதிலும் கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் கொல்லம் வங்கியின் வாசலில் கூட்டம் திரண்டபோது ரிசர்வ் வங்கி பிறந்து மூன்று வயது. அது கை கொடுக்கவில்லை. 1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் வங்கி. 1950களின் தொடக்கம் முதலே தணிக்கையில் பலவீனம் தெரிந்திருந்தது. பணம் போட்டவருக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மூடினார்கள். ரப்பர் தோட்டக் கூலியும் கன்னியாஸ்திரீகளும் சேர்த்த பணம் அதில் இருந்தது. அதன் விளைவாக 1962இல் வைப்புக் காப்பீடு வந்தது நல்லது. ஆனால் தாங்கிப் பிடிக்கும் கை என்று சொல்கிறார்களே, யாரைத் தாங்குவது, யாரை விடுவது என்று அந்தக் கையே மூடிய அறையில் தீர்மானிக்கிறது. எடை போடுபவரும் அவரே, இருப்பை அறிந்தவரும் அவரே, தீர்ப்பும் அவருடையதே.

2016 நவம்பர் 8. அந்த இரவை விளக்க வேண்டியதில்லை, இந்த அரங்கில் பாதிப் பேர் வரிசையில் நின்றவர்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்பில் 86 சதவீதம் நள்ளிரவில் செல்லாமல் போயிற்று. ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு கூடியது அன்று மாலைதான். செல்லாதாக்கிய 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் அந்த நடவடிக்கை சட்டப்படி செல்லும் என்றார்கள். ஐந்தாமவர் நீதிபதி நாகரத்னா, வங்கி சுயமாக யோசித்ததற்கான அடையாளமே இல்லை, எல்லாம் 24 மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது என்று மாறுபட்டார். சுதந்திரமான மத்திய வங்கி என்று பாடப் புத்தகத்தில் படிக்கும் மாணவர்கள் அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். வங்கியின் முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் 1937இல் அரசோடு மோதியும், ஆளுநர் பெனகல் ராம ராவ் 1957இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியோடு மோதியும் விலகிய கதைகளையும் சேர்த்துப் படியுங்கள். அரசும் வங்கியும் முரண்பட்டபோது விலகிப் போனவர் யார் என்று பாருங்கள்.

கடலுக்கு அப்பால் நம் உறவுகள் பட்டதைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையில் 1950 வரை நாணய வாரியம் இருந்தது. ஈடு இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியிட அதற்கு அதிகாரமில்லை. 1950 ஆகஸ்டில் மத்திய வங்கி வந்தது. 2020, 2021இல் அந்த வங்கி அரசின் கருவூலப் பத்திரங்களை வாங்கி வாங்கிப் பணம் அச்சிட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் வாழ்நாள் சேமிப்பைப் பால்மாவுக்கு நின்ற வரிசையில் இழந்தார்கள். பிறகு 2023இல் புதுச் சட்டம் போட்டு, அரசுக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் தருவதைத் தடை செய்தார்கள். தடை அவசியம் என்று தெரிந்துகொள்ள அத்தனை பேர் அழ வேண்டியிருந்தது.

நாளைக் காலையே பொற்காசு புழங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1930களில் பொன்னோடு இறுக்கிக் கட்டிய நாடுகள் விலைச் சரிவில் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. இங்கேயும் 1931க்குப் பிறகு கடனில் மூழ்கிய விவசாயி வீட்டுத் தாலிப்பொன் கப்பலேறிற்று. நான் கேட்பது வேறு. அரசின் பத்திரத்தை வங்கி நேரடியாக வாங்குவதற்கு மட்டுமல்ல, சந்தை வழியாகச் சுற்றி வந்து வாங்குவதற்கும் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு வேண்டும், அதை மீற நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டும். 115 கோடி என்ற வரியை எடுத்துவிட்டு, நோட்டில் இத்தனை சதவீதம் பொன் என்று பழையபடி விகிதம் எழுத வேண்டும். என் தந்தையின் முதலாளி போன்ற ஒருவர், மாதம் இத்தனை ரூபாய் என்பதற்குப் பதிலாக மாதம் இத்தனை கிராம் பொன்னின் விலை என்று எழுதிக் கொடுத்தால், வரியும் வழக்கும் குறுக்கே நிற்காமல் அந்த ஒப்பந்தம் செல்ல வேண்டும். முசிறி வணிகனுக்கு இருந்த மறுக்கும் உரிமையில் ஒரு சிறு பங்கு அது.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். உடனே கேட்கக்கூடியது ஒன்று உண்டு. 2016இல் திருத்திய சட்டப்படி அரசு குறித்த பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரண்டு கூடலாம் குறையலாம். தொடர்ந்து மூன்று காலாண்டு 6 சதவீதத்தைத் தாண்டினால், ஏன் தவறினோம், எப்படித் திருத்துவோம் என்று வங்கி அரசுக்கு எழுதித் தர வேண்டும். 2022இல் முதல்முறையாக அப்படித் தவறியது. நவம்பர் 3இல் தனிக் கூட்டம் போட்டு அறிக்கை எழுதி அனுப்பினார்கள். அதை மக்களுக்குக் காட்ட முடியாது என்றார்கள். வெளியிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லையாம். இளைத்தது நம் கையிலிருந்த ரூபாய், காரணம் எழுதிய கடிதம் மட்டும் அவர்களுக்குள்.

அந்தக் கடிதத்தை வெளியிடவும், இனி எழுதும் எந்தக் கடிதத்தையும் எழுதிய நாளிலேயே வெளியிடவும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலுக்குப் பக்கத்து மேசையில் தமிழிலும் மலையாளத்திலும் வைத்திருக்கிறது. இரண்டே பக்கம்தான். நின்று படித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.